மூட்டுவலி எல்லாம் ஒன்றா? எத்தனை மணிக்கு வலிக்கிறது என்று பாருங்கள்

வணக்கம். இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்று நிதானமாகப் பதில் சொல்லப் போகிறேன். திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்.

“டாக்டர், எனக்கு 41 வயது. நான்கு மாதமாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களையும் மடக்க முடியவில்லை. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கக்கூடக் கை வருவதில்லை. பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. என் மாமியாருக்கு முழங்கால் தேய்மானம். அவர் போடும் வலி மாத்திரையை நானும் அவ்வப்போது போட்டுக்கொள்கிறேன். வீட்டில் வாதம் என்கிறார்கள். மருந்துக் கடையில் கால்சியம் குறைவு என்கிறார்கள். லேபில் யூரிக் ஆசிட் பார்த்ததில் 6.2 வந்தது. மூட்டுவலி எல்லாம் ஒன்றுதானா? எனக்கும் மாமியாருக்கும் ஒரே நோயா?”

அம்மா, ஒன்றல்ல. உங்கள் நோயும் மாமியாருடைய நோயும் வேறு வேறு என்றுதான் இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றுகிறது. இரத்தப் பரிசோதனை எதையும் பார்த்து இப்படிச் சொல்லவில்லை. “பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது” என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் காரணம். மூட்டுவலி என்று வருகிறவர்கள் எங்கே வலிக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது என்பதை நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். எனக்கு அந்த நேரக் கணக்குதான் பாதி நோயைச் சொல்லிவிடும்.

முதலில் மாமியாரை எடுத்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானத்தில், உட்கார்ந்து எழும்போது கால் பிடித்துக்கொண்டது போல இருக்கும். நாலு எட்டு வைத்தால் விட்டுவிடும். காலை இறுக்கமும் ஐந்து, பத்து நிமிடம்தான், அரை மணியைத் தாண்டாது. வேலை செய்யச் செய்ய வலி கூடும். மாடிப்படி இறங்கும்போது, தரையில் உட்கார்ந்து எழும்போது, சந்தைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது வலிக்கும். இராத்திரி கால் நீட்டிப் படுத்தால் பெரும்பாலும் தணியும். அதாவது, உழைத்தால் வலி, ஓய்ந்தால் சுகம்.

தேய்மானம் என்ற சொல்லால் ஒரு கெடுதல் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செருப்பு தேய்வது போல, நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து நடப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைத்துப் போகும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். தாங்க ஆள் இல்லாத மூட்டு மேலும் வலிக்கும். எக்ஸ்ரேயில் மிக மோசமாகத் தெரிகிற முழங்காலோடு கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே ஓரளவு நன்றாக இருந்தும் வலியில் துடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகையால் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. கைத்தடி பிடிப்பதானால் வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள்.

இனி உங்கள் கைக்கு வருகிறேன். இதைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இதில் காலம் கடத்தினால் போனது திரும்பாது.

என்னிடம் பூக்கட்டும் பெண் ஒருவர் வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். விடியற்காலையில் மல்லிகை வந்து இறங்கிவிடும். ஆனால் ஏழு மணிக்கு அவரால் வாழைநாரை விரலிடுக்கில் பிடிக்க முடியவில்லை. முடிச்சு விழவில்லை, பூ நழுவுகிறது. பதினொரு மணிக்கு மேல் பழையபடி சரம் சரமாகக் கட்டுகிறார். வீட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? “காலையில் முடியாத கை மதியம் மட்டும் எப்படி முடிகிறது? சோம்பல்தான்.” அதைச் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். கையைக் காட்டச் சொன்னேன். நீங்களும் இப்போது கையை இறுக மூடிப் பாருங்கள். விரல்களின் அடிக் கணுக்கள் மேடாகவும், அவற்றுக்கு நடுவே பள்ளமாகவும் தெரியும். அவருக்கு அந்தப் பள்ளங்கள் எல்லாம் வீக்கத்தில் நிரம்பி, புறங்கை சமதளமாக இருந்தது. நடுக் கணு வீங்கியதால் கழற்ற முடியாத மோதிரத்தை ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்திருந்தார். கைகுலுக்குவது போல அடிக் கணுக்களைச் சேர்த்து மெல்ல அழுத்தினேன், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அதுதான் முடக்குவாதம். ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆர்.ஏ. என்பார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உள்ளுறையைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. அந்த உறை வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும். மணிக்கட்டும் அடிக் கணுவும் நடுக் கணுவும் வீங்கும், நகத்தை ஒட்டிய நுனிக் கணு பெரும்பாலும் தப்பிக்கும். வயதானவர்களுக்கு அந்த நுனிக் கணுவில் கல் போல முண்டு முண்டாக இருந்தால் அது தேய்மானம்.

காலையில் மட்டும் ஏன்? உடம்பில் கார்ட்டிசால் என்று ஒரு சுரப்பு உண்டு. அழற்சியை அடக்கி வைப்பது அது. நள்ளிரவில் அதன் அளவு மிகக் குறைவாக இருக்கும், விடியும்போதுதான் ஏறும். அழற்சியைத் தூண்டும் பொருள்களோ பின்னிரவில் ஏறி விடியலில் உச்சத்தைத் தொடுகின்றன. அசையாமல் கிடந்த மூட்டில் நீரும் கோத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கை மரக்கட்டை போலக் கிடக்கிறது. அசைத்து வேலை செய்யச் செய்ய இளகுகிறது. உழைத்தால் சுகம், ஓய்ந்தால் வலி. மாமியாருக்கு நேர் எதிர். மதியம் சரியாகிவிடுவது சோம்பல் அல்ல, நோயின் இயல்பே அதுதான். இதை உங்கள் வீட்டிலுள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே எலும்பு அரிப்பு ஆரம்பித்துவிடலாம். வலி மாத்திரை வலியை மறைக்கும், அரிப்பை நிறுத்தாது. ஆகவே நான்கு மாதம் என்பதே போதும், இனித் தாமதிக்க வேண்டாம். ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நோய் இருப்பவர்களிலேயே பலருக்கு அது இல்லை என்றுதான் வரும். நோயே இல்லாத சிலருக்கு இருக்கிறது என்றும் வரும். ஆன்ட்டி சி.சி.பி. என்ற சோதனை இன்னும் நம்பகமானது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்கக்கூடும். கையைப் பிடித்துப் பார்க்கிற மருத்துவர்தான் முக்கியம். இந்த நோய்க்கென்றே ரூமட்டாலஜி மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது.

இந்த நோய்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதுவார்கள். அதைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் இரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். ஞாயிறோ புதனோ ஒரு கிழமையை வைத்துக்கொண்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கூடவே தருவார்கள். இரத்தமும் கல்லீரலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, செல்பேசியில் தேடிப் பார்த்து “இது புற்றுநோய் மருந்தாமே” என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். புற்றுநோய்க்கும் அது பயன்படுகிறது, உண்மைதான். ஆனால் இந்த நோய்க்குக் கொடுப்பது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான், அங்கே கொடுக்கும் அளவே வேறு. அந்த மருந்து உருவானதில் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவிலிருந்து 1940களில் வந்தது. 1948இல் அவர் இறந்துவிட்டார். தன் மருந்து எத்தனை கோடிப் பேருடைய விரல்களை மடங்க வைக்கப்போகிறது என்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெயர் இல்லாத பொட்டலத்தில், மூன்றே நாளில் மூட்டுவலி போய்விடும் என்று யாராவது பொடியோ மாத்திரையோ தந்தால் வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. வலி மாயமாகப் போகும். பிறகு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே மாதக் கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்கள் நான் சொன்னேன் என்று திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

யூரிக் ஆசிட் 6.2 என்றீர்கள். அதை விட்டுவிடுங்கள். யூரிக் ஆசிட் மூட்டுவலி, அதாவது கௌட், இப்படி வராது. அது பெரும்பாலும் ஆண்களுக்கு, நள்ளிரவில், கால் கட்டைவிரலின் அடியில் திடீரென்று வரும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அது அபூர்வம். கால்சியம் குறைவு என்பதும் எல்லா வலிக்கும் சொல்லப்படும் பதில். எலும்பு மெலிவு நோய் எலும்பு முறியும்வரை வலிப்பதே இல்லை. வெயிலே படாமல் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைந்து இடுப்பும் தொடையும் மந்தமாக வலிப்பது உண்டு, தரையிலிருந்து எழச் சிரமப்படுவார்கள். சோதித்துப் பார்த்துத்தான் மருந்து எடுக்க வேண்டும்.

நேரக் கணக்கு மற்ற வலிகளுக்கும் பொருந்தும். படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி குத்துவது போலிருந்து, கொஞ்சம் நடந்தால் குறைந்தால், அது உள்ளங்கால் தசைநாரின் வலி. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் அதைக் குறை சொல்லாதீர்கள். வலியே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருக்கும். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகும். இராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்து எழுந்து உதறிக்கொள்கிறவர்களுக்கு, சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. தோளில் வலி, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, ரவிக்கையின் பின் கொக்கிக்குக் கை போகவில்லை என்றால் தோள் இறுகியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது மிக அதிகம். நம் ஊரில் சிலருக்கு, சர்க்கரை இருக்கிறது என்பதே இந்தத் தோள்வலிக்காகச் சோதிக்கும்போதுதான் தெரியவருகிறது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இருபது, முப்பது வயதில் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முதுகுவலி எழுப்பிவிடுகிறது, எழுந்து நடமாடினால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது என்றால் அதை டிஸ்க் என்று விட்டுவிடாதீர்கள். முதுகெலும்பு ஒன்றோடொன்று இணைந்து இறுகும் நோய் ஒன்று இருக்கிறது. சிலருக்குக் கண் சிவந்து வலிப்பதும் கூடவே வரும். ஆண்டுக் கணக்கில் பெல்ட் போட்டுக்கொண்டு அலைந்துவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் போன பிறகு வருகிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எந்த நேரமும் இல்லாமல், படுத்தாலும் நடந்தாலும் ஒரே மாதிரி வலிக்கிற முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய் முதல் புற்றுநோய் வரை பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், உள்ளே சீழ் இருக்கலாம். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலும், உட்காரும் இடம் மரத்துப் போனாலும் அதே அவசரம்தான்.

சகோதரி, நீங்கள் நாளை காலையிலிருந்து ஒரு வாரத்துக்கு மட்டும் இதைக் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணிக்கு விரல் முழுதாக மடங்கியது. வீங்கிய கையைக் காலை ஆறு மணிக்கே செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்களைப் பார்ப்பது பதினொரு மணிக்கோ மாலையிலோதான், அதற்குள் வீக்கம் வடிந்திருக்கும். மாமியாருடைய மாத்திரையை நீங்கள் போடுவதை நிறுத்திவிடுங்கள், ஆனால் அதன் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவருடைய முழங்காலையும் காட்டின மாதிரி இருக்கும், உங்கள் கையைப் பற்றி மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்ட மாதிரி இருக்கும்.