சேர்ந்து சுற்றினால் மட்டும் போதுமா? வெவ்வேறு நாட்டினரிடையே நட்பு உருவாகும் விதம்

[காட்சி: வெர்டன் அருகே இன்றைய வயல்வெளி. குண்டுகள் விழுந்த பள்ளங்களின் மேல் புல் வளர்ந்திருக்கிறது.]

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கில், வெர்டன் நகருக்கு அருகே, எஸ்ன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1916-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையும் ஜெர்மானியப் படையும் ஏறத்தாழப் பத்து மாதங்கள் மோதிய வெர்டன் போரில் இந்த ஊர் சிதைந்துபோனது. உலகப்போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 1920 நவம்பரில், ஒரு சிறு குழு அங்கே வந்து இறங்கியது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளரான பியர் செரெசோல் அதற்குத் தலைமை தாங்கினார். குழுவில் ஆங்கிலேயர் இருந்தார், ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடிபாடுகளை அகற்றுவதும், பாதைகளைச் சீராக்குவதும், வீடிழந்தவர்களுக்கு மரக்குடில்கள் கட்டித் தருவதுமே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

உறவுகளைப் பறிகொடுத்த மக்களிடையே ஜெர்மானியர்கள் வந்து தங்குவதை ஏற்றுக்கொள்ளும் மனநிலை அன்று அங்கே இல்லை. எதிர்ப்பு வலுத்தது, சில மாதங்களிலேயே, 1921-இல், அந்த வேலை நின்றுபோனது. ஆயினும், பகைநாடுகளைச் சேர்ந்தவர்கள் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்து வேலை செய்ய முடியும் என்பதை அந்தக் குழு கண்டுகொண்டது. அதிலிருந்துதான் ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பும், இன்று பல நாடுகளில் நடைபெறும் பன்னாட்டுத் தொண்டு முகாம்களும் வளர்ந்தன.

[காட்சி: வரைபடம். எஸ்ன், லிக்டென்ஸ்டைன், பீகார் ஆகிய இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்கின்றன.]

1927-இல் ரைன் ஆறு கரையுடைத்து லிக்டென்ஸ்டைன் நாட்டின் விளைநிலங்களை மண்மூடச் செய்தது. மறு ஆண்டு அந்த மண்ணை அகற்றுவதற்குப் பல நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்து சேர்ந்தார்கள். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது செரெசோலே இந்தியாவுக்கு வந்தார். இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிகளோடு இணைந்து, முசாஃபர்பூர் பகுதியில் கிராமங்களை மீண்டும் அமைக்கும் வேலையில் அவரும் அவருடைய தோழர்களும் ஈடுபட்டார்கள்.

இந்த வரலாற்றை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெவ்வேறு நாட்டினரிடையே நட்பை வளர்க்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் நகர மன்றங்களும் இன்று எண்ணற்ற நிகழ்ச்சிகளை நடத்துகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வடிவத்தில் இருக்கின்றன: பேருந்தில் ஓரிடத்துக்குச் சென்று பார்த்துவிட்டுத் திரும்புதல், அல்லது ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேசை போட்டுக் கொடி, உடை, உணவு ஆகியவற்றைக் காட்சிப்படுத்துதல். ஆர்வத்தோடு ஏற்பாடு செய்யப்படும் இந்நிகழ்ச்சிகள் முடிந்த பிறகும் மக்கள் அவரவர் நாட்டினரோடே திரும்பிச் செல்வதைக் காண முடிகிறது. எஸ்ன் கிராமத்தில் தொடங்கிய வழியில் இருந்த ஏதோ ஒன்று இவற்றில் விடுபட்டுப்போயிருக்கிறது. அது என்ன என்பதைத்தான் இந்தக் காணொளி ஆராய்கிறது.

[காட்சி: கோடைக்கால முகாம் ஒன்றின் ஓவியம். இரு குழுக்களாகச் சிறுவர்கள். நடுவே பழுதாகி நிற்கும் ஒரு லாரி.]

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், உளவியலாளர் முசாஃபர் ஷெரீப்பும் அவருடைய சகாக்களும் 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஒரு கோடை முகாமில் தங்கவைத்தார்கள். போட்டிகள் நடத்தியதும் இரு குழுக்களுக்கும் இடையே கடும் பகை மூண்டது. பகையைத் தணிக்க, இரு குழுக்களையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். சேர்ந்து திரைப்படம் பார்க்கவைத்தார்கள். சிறுவர்கள் ஒருவர்மீது ஒருவர் உணவை வீசியெறிந்ததுதான் மிச்சம். பிறகு, முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோனதாக ஒரு நிலையையும், உணவு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை என்ற நிலையையும் உருவாக்கினார்கள். தண்ணீர்க் குழாயில் எங்கே கோளாறு என்று எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். லாரியில் கயிறு கட்டி இரு குழுவினரும் இழுத்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் அடுத்தடுத்து வந்த பிறகே பகை தளர்ந்தது.

இந்த ஆய்வை மிகையாக மதிப்பிடக் கூடாது. அவர்கள் அனைவரும் ஒரே நாட்டைச் சேர்ந்த, ஒத்த பின்னணியுடைய சிறுவர்கள். ஆய்வாளர்களே சூழ்நிலையை அளவுக்கு மீறி வளைத்தார்கள் என்ற விமரிசனமும் பின்னாளில் எழுந்தது. ஆனாலும், ஊர் கூடித் தேர் இழுத்துப் பழகிய நமக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறு. ஒருவருடைய கை இல்லாமல் மற்றவருடைய வேலை நடக்காது என்ற நிலையில் இருப்பது வேறு. அதே 1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வேறுபட்ட மக்கள் சந்திக்கும்போது வெறுப்பு குறைய வேண்டுமானால் சமமான நிலை, பொதுவான குறிக்கோள், ஒத்துழைப்பு, அந்தச் சமூகத்தின் நிறுவனங்கள் தரும் ஆதரவு ஆகிய நான்கும் துணைசெய்யும் என்று எழுதினார். எஸ்ன் குழுவுக்கு முதல் மூன்றும் இருந்தன, நான்காவது கிடைக்கவில்லை.

[காட்சி: ஈராக்கின் வடபகுதியில் ஒரு கால்பந்து மைதானம்.]

அண்மைக்கால ஆய்வு ஒன்றையும் பார்ப்போம். ஐ.எஸ். என்ற தீவிரவாத அமைப்பின் தாக்குதலால் வீடிழந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களுக்காக நடத்தப்பட்ட கால்பந்துத் தொடரில், சில அணிகளில் கிறிஸ்தவர்கள் மட்டும் ஆடினார்கள். வேறு சில அணிகளில் முஸ்லிம் வீரர்களும் சேர்க்கப்பட்டார்கள். சல்மா மூசா நடத்திய இந்த ஆய்வு 2020-இல் வெளியானது. கலப்பு அணியில் ஆடிய கிறிஸ்தவர்கள், மாதங்கள் கழிந்த பிறகும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆட விருப்பம் தெரிவித்தார்கள். ஆனால் மோசுல் நகரிலுள்ள உணவகத்துக்குச் செல்வது போன்ற, மைதானத்துக்கு வெளியே உள்ள செயல்களில் இத்தகைய மாற்றம் தெளிவாகத் தென்படவில்லை. இங்கே பிரிவுக்கோடு நாடு அன்று, மதம். எனினும் நமக்கு இது மிகத் தேவையான எச்சரிக்கை. கூடைப்பந்துக் களத்திலோ பாடகர் குழுவிலோ பூத்த நட்பு தானாகவே வீட்டு வாசலை எட்டிவிடும் என்று ஏற்பாட்டாளர்கள் எண்ணிக்கொள்ளக் கூடாது. மைதானத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கும், அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கும் செல்லும் அடுத்த படியைத் திட்டத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும்.

[காட்சி: கடிகாரம். அதன் கீழே 50, 90, 200 என்ற எண்கள்.]

அடுத்தது நேரம். அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால், புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களையும் ஆராய்ந்து 2018-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் ஓரளவு நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்றே சொல்லத்தக்க நிலையை எட்ட 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கண்டது. மாதத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கூடும் குழுவில் 50 மணி நேரம் நிறைவதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடிக்கும். அதற்குள் வெளிநாட்டு மாணவர் பலர் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். இரண்டு வாரத் தொண்டு முகாமிலோ, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்ற அளவில் வேலையிலேயே 50 மணி நேரம் கழிந்துவிடுகிறது. சமையல், சாப்பாடு, மாலை நடை ஆகியவற்றையும் சேர்த்தால் 90-ஐத் தாண்டுவது எளிது. பன்னாட்டு நட்பு வளர வேண்டுமானால் சந்திப்புகள் அடிக்கடி நிகழ வேண்டும். இது முகாம்களின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் எளிய கணக்கு.

முகாமுக்குச் செல்ல முடியாதவர்கள் இந்த அடிக்கடி என்பதை எப்படிப் பெறுவது? லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று 13 பேர் ஓடியதில் தொடங்கிய ‘பார்க்ரன்’ நல்ல விடை தருகிறது. வாரந்தோறும், குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லாமல். ஓட முடியாதவர் நடக்கலாம். நடக்க விரும்பாதவர் நேரம் குறிக்கும் தொண்டராக நிற்கலாம். ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டவர் கையில் ஒரு நேரக்கருவியைக் கொடுத்துவிட்டால், அவர் அந்தக் கணமே விருந்தினர் என்ற நிலையிலிருந்து குழுவுக்குத் தேவையானவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஓயாமல் உபசரிக்கப்படுபவர் நன்றியோடு இருப்பார். நட்போ இருவரும் கொடுத்து வாங்கும்போதுதான் உண்டாகும்.

[காட்சி: பெரிய சமையலறை. இருவர் வெங்காயம் அரிகிறார்கள். ஒருவர் பானையில் தண்ணீர் ஊற்றுகிறார்.]

தொண்டு முகாம்களில் மிகச் சிறந்த ஏற்பாடு எது என்று கேட்டால், சமையல் முறையைத்தான் சொல்வேன். நாள்தோறும் இருவரோ மூவரோ, இயன்றவரை வெவ்வேறு நாட்டைச் சேர்ந்தவர்களாகப் பார்த்து, எல்லோருக்கும் சமைக்கும் பொறுப்பை ஏற்கிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பதினைந்து பேருக்கு என்ன வாங்குவது, எத்தனை படி அரிசி போடுவது, உப்பு போதுமா என்று இருவரும் கலந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வெங்காயம் அரிவதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் மொழிப்புலமை தேவைப்படுவதில்லை. கை வேலையில் இருப்பதால் பேச்சு நின்றுபோனாலும் சங்கடம் தோன்றுவதில்லை. பன்றி இறைச்சியையும் மாட்டிறைச்சியையும் விலக்குபவர், ஹலால் மட்டும் உண்பவர், மீனும் முட்டையும் கூடத் தொடாதவர் ஆகியோருடைய தேவைகளை முன்னதாகவே கேட்டு எழுதிவைத்துக்கொள்வது ஏற்பாட்டாளரின் கடமை. எல்லோரும் உண்ணக்கூடிய ஒரு குழம்பை நடுவில் வைத்துவிட்டு மற்றவற்றைத் தனியே வைப்பதே நல்லது; சிலருக்கு மட்டும் ஓரத்தில் தனித்தட்டு வைத்தால் அவர்கள் அந்த மேசையிலேயே அந்நியராகிவிடுவார்கள்.

நாட்டு உணவுகளைப் படைக்கும் பண்பாட்டு இரவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாளிலேயே அதை வைத்தால் ஒவ்வொருவரும் தன் நாட்டின் தூதராக நிற்க வேண்டியிருக்கிறது. பத்து நாள் பழகிய பிறகு வைத்தால், தோழி தன் பாட்டியிடம் கற்ற உணவைச் சமைக்கிறாள் என்று மற்றவர்கள் ஆவலோடு வந்து உட்காருவார்கள்.

[காட்சி: காட்டுப்பாதையில் இருவர் இருவராக நடக்கும் இளைஞர்கள்.]

மொழி பெரிய தடை, மறுப்பதற்கில்லை. இதில் பிரான்சும் ஜெர்மனியும் அடைந்த அனுபவம் ஆழமானது. 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் டி காலும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் அடினாவரும் கையெழுத்திட்ட எலிசே நட்புறவு ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டு ஜூலையில் இரு நாடுகளுக்கும் பொதுவான இளையோர் அலுவலகம் தொடங்கப்பட்டது. இதுவரை ஒரு கோடிக்கு அருகிலான இளையோர் அதன் திட்டங்களில் பங்கேற்றிருக்கிறார்கள். அங்கே வளர்ந்த முறைகளில் ஒன்று, இருவர் இணைந்து கற்பது: பாதி நேரம் ஒருவர் மொழி, பாதி நேரம் மற்றவர் மொழி. இருவரும் முறைவைத்து ஆசிரியராகவும் மாணவராகவும் இருப்பதால், மொழி தெரியாதவர் என்ற தாழ்வு ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. ஆல்போர்ட் சொன்ன சமநிலை இங்கே நடைமுறையாகிறது. இரு நாட்டுக் குழுக்களில் எவருக்கும் சொந்தமல்லாத மூன்றாவது இடத்தில் தங்கவைப்பதும் அங்கே வழக்கம். அதனால் ஒருவர் விருந்தோம்புபவராகவும் மற்றவர் விருந்தினராகவும் பிரிய வேண்டியதில்லை.

உலாப் பயணம் என்றால் நடைப்பயணத்தையே நான் பரிந்துரைப்பேன். நடக்கும்போது முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் கட்டாயமில்லை, துணை மாறிக்கொண்டே இருக்கும், செலவும் இல்லை. செலவைக் கருத்தில் கொள்ளாத ஏற்பாடு ஏழை நாட்டிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்தவரை ஓசையின்றி வெளியே தள்ளிவிடும். மதுக்கூடத்தில் மட்டுமே கூடும் வழக்கமும் பலரை அப்படியே தள்ளுகிறது.

[காட்சி: விண்ணப்பப் படிவம், நாட்காட்டி.]

தொண்டு முகாமில் பங்கேற்க விரும்புகிறவர்கள் பொதுவாகத் முகாம் நடத்தும் அமைப்போடு இணைந்து செயல்படும், தங்கள் நாட்டிலுள்ள கூட்டாளி அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான முகாம்கள் 18 வயது நிரம்பியவர்களுக்கானவை. இரண்டு அல்லது மூன்று வாரம் நடக்கும். தங்குமிடமும் உணவும் அங்கேயே கிடைக்கும். பயணச் செலவு நம்முடையது. ஐரோப்பிய முகாம்கள் கோடைக்காலத்தில் கூடுதலாக நடப்பதால், விசாவுக்கு ஆகும் காலத்தையும் கணக்கிட்டு மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்குவது நல்லது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் தமிழ் மாணவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு; ஒரு கோடை விடுமுறையின் இரண்டு வாரம் போதும். தேர்ந்தெடுக்கும்போது ஊரின் அழகைக் காட்டும் படங்களை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே செய்ய வேண்டிய வேலை என்ன, ஒரு நாட்டிலிருந்து எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், சமையல் முறை உண்டா, ஊர்மக்களும் உடன் வேலை செய்கிறார்களா என்ற நான்கு கேள்விகளையும் விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள்.