ஹகரி மணலும் ஒரு தொட்டித் தண்ணீரும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் குப்பத்துக்காரி. எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் போனால் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கோலார். மூன்று மாநிலம் கூடுகிற முக்கு அது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேர்ந்து புழங்கும். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் திருப்பதி, வேலூர், திருவண்ணாமலை, மிஞ்சினால் பெங்களூரு. வடக்கே மதனபள்ளியைத் தாண்டுகிறவர்கள் சம்பந்தம், உத்தியோகம் என்று ஏதாவது காரியமாகத்தான் போவார்கள். "அங்கே என்ன இருக்கு, வெறும் பொட்டல்" என்பார்கள்.

ஆந்திராவின் அனந்தபுரத்துச் சீமையான அந்தப் பொட்டலைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். அதைப் பனிக்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர்கள் தங்கள் தண்ணீரைத் தாங்களே சுமந்துகொண்டு போக வேண்டும். இந்த இரண்டையும் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பொங்கல் கழிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம். ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லர். என் கொழுந்தனார் வாங்கி வைத்திருந்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, சின்னதாக ஒரு பாத்திரம் கழுவும் தொட்டி, அடியில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் இரண்டு 20 லிட்டர் கேன் தனியாக. டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் உண்டு, அதற்கான காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் முதலில் கேட்பது அதைத்தான்.

டிரெய்லர் இழுப்பதில் எடைக் கணக்கு முக்கியம். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்பக்கக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 800 கிலோ வண்டி என்றால் 80 முதல் 120 கிலோ. அதற்குக் குறைந்து பின்பாரம் ஏறினால், வேகமெடுக்கும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி தானாக அடங்க விட வேண்டும். இதில் தண்ணீருக்கு என்ன சம்பந்தம் என்றால், ஒரு லிட்டர் ஒரு கிலோ. எங்கள் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தது. தண்ணீர் செலவாகச் செலவாக முன்பாரம் குறையும். அதனால் தினமும் காலையில் வீட்டுக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார். அளவு இறங்கியிருந்தால் அரிசிப் பையையும் கருவிப் பெட்டியையும் பின்னாலிருந்து முன்னுக்கு நகர்த்துவோம். செலவழித்த தண்ணீருக்குக் கணக்கு கேட்கிற வண்டி அது.

குப்பம், பலமநேர், புங்கனூர், மதனபள்ளி, கதிரி, அனந்தபுரம் என்று 42ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே போகலாம். மதனபள்ளி வரைக்கும் தக்காளி லாரிகள் கூடவே வரும். கதிரிக்குப் பக்கத்தில் திம்மம்மா மர்ரிமானு, ஏறத்தாழ 5 ஏக்கரில் பரந்து நிற்கும் ஆலமரம், 1989இல் கின்னஸில் ஏறியது. அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது அந்தப் பக்கமெல்லாம் ஸ்ரீ சத்ய சாயி மாவட்டத்துக்குப் போய்விட்டது. சனங்கள் வாயில் இன்னும் அனந்தபுரம்தான்.

அனந்தபுரத்து மழை ஆண்டுக்கு 550 மில்லிமீட்டர் அளவு. சென்னையில் பெய்வது 1,400 அளவு. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டுவிடுகிறது. வடகிழக்கு மழை வங்கக்கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் வற்றிப்போகிறது. இரண்டு பந்தியிலும் கடைசி இலை இந்தச் சீமைக்கு. ராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேருக்கு அடுத்து நாட்டிலேயே மழை குறைந்த மாவட்டம் என்று இதைச் சொல்வது வழக்கம். இருந்தும் லட்சக்கணக்கான ஏக்கரில் மானாவாரியாக வேர்க்கடலை போடுகிறார்கள். நாங்கள் போனபோது அறுவடை முடிந்து களத்துமேட்டில் கடலைக்கொடி போர் போராக நின்றது. மாடுகளுக்கு வருஷ முழுக்க அதுதான் தீனி. ஊடுபயிராகப் போட்ட துவரை மட்டும் செம்மண்ணில் காய்ந்து சலசலத்துக்கொண்டிருந்தது.

அனந்தபுரத்திலிருந்து உரவகொண்டா போய், அங்கிருந்து கணேகல், பொம்மனஹாள் பக்கம் திரும்பினோம். நான் பார்க்க ஆசைப்பட்டது இந்த இடத்தைத்தான். அங்கே வேதவதி ஆறு ஓடுகிறது, ஹகரி என்பார்கள். துங்கபத்திரையில் போய்ச் சேருகிற ஆறு. ஓடுகிறது என்று சொன்னேன், நாங்கள் போன சமயத்தில் கரைக்குக் கரை மணல்தான். மேலே கர்நாடகத்தில் மைசூர் மகாராஜா காலத்தில், 1907இல் கட்டி முடித்த வாணி விலாச சாகர் அணை இருக்கிறது. அது 1933இல் ஒரு தடவை நிரம்பி வழிந்தது, அடுத்து வழிந்தது 2022இல். அதற்குக் கீழே ஆந்திராவில் பைரவானி திப்பா அணை. இவற்றையெல்லாம் தாண்டிக் கீழே தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆறு காய்ந்து கிடக்க, ஆனி ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த மணலை வாரிக் கரையோர நிலத்தில் கொட்டுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வோம், அங்கே ஆறே எழுந்து பறக்கிறது. வயல் இருந்த இடத்தில் மேடு மேடாக மணல். ஓரிடத்தில் வேலிக்கல்லின் தலை மட்டும் ஒரு சாண் வெளியே தெரிந்தது. மேட்டின் மேல் காற்று கீறிய வரிவரியான கோடுகள், அதில் ஓணான் ஓடிய தடம், பக்கத்தில் மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சீமைக்கருவேல். அங்கே டிராக்டரில் மணலைத் தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பேசினார். தெலுங்கில்தான் பேசினார். "ஆடி முடிஞ்சா எங்க வரப்பை நாங்களே தேடணும் அம்மா. தள்ளுறோம், மறுபடி வருது, மறுபடி தள்ளுறோம்" என்றார். அலுப்பே இல்லாத குரல். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், துங்கபத்திரை மேல்மட்டக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் வயல் பச்சையாக விரிந்து கிடக்கிறது. நெல்லும் மணல்மேடும் ஒரே பார்வையில் படுகிற இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன்.

நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாகப் பிரித்து வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். வேனிலோடு பின்பனியையும் பாலைக்குரிய பருவமாகச் சொன்னார்கள். ஹகரிக் கரையில் நின்றால் அது எவ்வளவு சரியான கணிப்பு என்று தெரியும். நல்ல நிலம் கண்ணெதிரே பாலையாகிக்கொண்டிருக்கிறது.

பனிக்காலத்தில் போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இந்தக் காற்றுதான். தையில் அது அடங்கியிருக்கும். ஆடியில் பக்கவாட்டுக் காற்று டிரெய்லரின் விலாவில் அறையும், ஓட்டவே முடியாது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குள் மனிதர் இருக்க முடியாது. தையில் பகல் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி ஒரு கம்பளி போதும். வேர்வை இல்லை, தாகமும் குறைவு, ஆகவே தண்ணீரும் தாங்கும்.

தண்ணீரைத் தாங்க வைப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ராகிக் களி ஒட்டிய தட்டை உடனே வழித்துவிட வேண்டும். காய விட்டால் இரண்டு செம்பு கூடுதலாகத் தின்னும். அரிசி கழுவிய தண்ணீரில்தான் தட்டுக்கு முதல் அலசல். அந்தத் தண்ணீரும் மரத்தடிக்கு. குளிப்பதற்கு ஆளுக்கு அரை வாளி. ராத்திரி தங்கின இடத்தில் ஊர்க்குழாயைத் தொட மாட்டோம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அனந்தபுரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். 1990களில் சத்ய சாயி அறக்கட்டளை குடிநீர்த் திட்டம் போட்டு 700க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குக் குழாய் கொண்டுபோனது. அப்படி வந்த தண்ணீரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வண்டி கழுவப் பிடிப்பது நியாயமே இல்லை. டவுனில் சுத்திகரிப்பு நிலையத்தில் காசு கொடுத்து கேனை நிரப்பிக்கொண்டு கிராமத்துக்குள் போக வேண்டும்.

திரும்பும்போது ராயதுர்க்கம், பெனுகொண்டா, லேபாட்சி வழியாக வந்தோம். லேபாட்சி நந்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே போகிறவர்கள் அப்படியே வீராபுரத்துக்கும் போங்கள். சின்னக் கிராமம். மஞ்சள்மூக்கு நாரைகள் தை மாத வாக்கில் வந்து, ஊருக்கு நடுவே இருக்கும் மரங்களில் கூடு கட்டும். வீட்டு வாசலில் எச்சம் விழும், ஊரார் ஒரு கல்லெடுத்து எறிய மாட்டார்கள். திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னிடம், "ஏரியில தண்ணி இருந்தா இதுங்க வரும், இதுங்க வந்தா எங்களுக்கு நல்ல வருஷம்" என்றார். ஏரி காய்ந்த வருஷத்தில் மரம் வெறிச்சென்று இருக்குமாம்.

ஒரு கோரிக்கை மட்டும் வைத்து முடித்துக்கொள்கிறேன். கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே வாகமண்ணில் வண்டி நிறுத்தித் தங்க இடம் திறந்தார்கள். மலையும் காயலும் உள்ள ஊருக்கு மட்டும் அது போதாது. அனந்தபுரம், கதிரி, ராயதுர்க்கம் மாதிரி ஊர்களில் பாதுகாப்பான ஒரு திடல், ஒரு கழிவறை, கழிவு நீரை ஊற்ற ஒரு குழி, லிட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு நல்ல தண்ணீர் கொடுக்க ஒரு குழாய், இவ்வளவு இருந்தால் போதும். நாங்கள் பெட்ரோல் பங்க்கிலும் கோயில் திடலிலும் அனுமதி கேட்டுத்தான் தங்கினோம். மறுத்தவர்கள் யாருமில்லை. ஆனால் வருகிற வண்டிகள் பெருகினால் அந்த ஊர்களின் தண்ணீர்தான் முதலில் குறையும். அதற்கு முன்னால் அரசு இதைச் செய்ய வேண்டும். செய்யும் வரைக்கும், போகிறவர்கள் தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.