பைதானுக்குள் ஒரு 'எனில்'

நேயர்களுக்கு வணக்கம். பைதான் 3 என்ற நிரல்மொழியில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் 'இஃப்' போன்ற குறிச்சொற்கள் ஆங்கிலம்தான். மூலநிரல் திறந்து கிடக்கிறது, மாற்றிப் பார்ப்போம். 'மதிப்பெண் > 40 எனில்:' என்ற வரி ஓட வேண்டும்.

முதலில் மூலநிரலில் எதையும் தொடாமல் ஒருமுறை கட்டுங்கள் (பில்ட்). பிழை தேட உதவும் 'வித்-பைடீபக்' விருப்பத்தோடு கன்ஃபிகர் கட்டளை, பிறகு மேக் கட்டளை. முடிவில் வரும், விடுபட்ட மாட்யூல்களின் பட்டியலைப் படியுங்கள். ஓபன்எஸ்எஸ்எல், ஸீலிப் ஆகிய லைப்ரரிகளின் ஹெடர் ஃபைல்கள் இல்லாவிட்டாலும் பில்ட் நிற்காது. அந்த மாட்யூல்கள் மட்டும் சத்தமில்லாமல் விடுபடும். இப்போதே பார்க்காவிட்டால் பிறகு பழியை உங்கள் மாற்றத்தின் தலையில் கட்டுவீர்கள்.

இலக்கணம் 'கிராமர்' ஃபோல்டரில், 'பைதான் டாட் கிராம்' ஃபைலில் இருக்கிறது. 2020-இல் வந்த 3.9 முதல் பைதானில் இருப்பது பெக் வகைப் பார்சர், அதாவது நிரலை இலக்கண விதிகளோடு ஒப்பிட்டுப் படிக்கும் பகுதி. நமக்கு அது நல்லதாயிற்று. தமிழில் நிபந்தனை முன்னால், 'எனில்' பின்னால். இந்தப் பார்சர் வரியை நிபந்தனையாகப் படித்துப் பார்க்கும், அடுத்து 'எனில்' இல்லையென்றால் திரும்பி வந்து வேறு விதியை முயலும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், தாங்கும்.

விதி இதுதான்: ஒரு கோவை (எக்ஸ்பிரஷன்), ஒற்றை மேற்கோளில் 'எனில்', முக்காற்புள்ளி, ஒரு பிளாக். விளைவாக, சின்டாக்ஸ் ட்ரீயில் ஏற்கெனவே உள்ள இஃப் கணுவையே (நோட்) உருவாக்கச் சொல்லுங்கள். கம்பைலரைத் தொட வேண்டியதில்லை. விதியை காம்பவுண்ட் ஸ்டேட்மென்ட் பட்டியலில் சேர்க்க மறந்தால் அது அனாதையாகக் கிடக்கும்.

அடுத்து 'மேக் ரீஜென்-பெகென்'. இலக்கணத்திலிருந்து பார்சரின் சி நிரலை உருவாக்கும் கருவிதான் பெகென். வெறும் மேக் கொடுத்தால் பழைய 'பார்சர் டாட் சி'யே மறுபடி கம்பைல் ஆகும். கட்டளை கொடுத்ததும் 'எனில்' தெரியாத சொல் என்று பெகென் நின்றுவிடும். குறிச்சொல் ஆங்கில எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும் என்ற சோதனை அதற்குள் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில். எல்லா இடத்திலும், தமிழ் எழுத்தோடு இகரக் குறியையும் புள்ளியையும் ஏற்கும்படி தளர்த்துங்கள்.

இப்போது அதே கட்டளையும் பிறகு மேக்கும் கொடுத்தால் பில்ட் ஆகிவிடும், ஆனாலும் நம் வரியை ஓட்டினால் சின்டாக்ஸ் எரர்! இதுதான் ஆளைச் சுற்றவிடும் இடம். 'எனில்' நம் கணக்கில் 3 எழுத்து. நீளம் அளக்கும் பைதானின் லென் கணக்கில் 5, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையின் கணக்கில் 15 பைட். பெகென் குறிச்சொற்களை 5 என்ற நீளத்தில் அடுக்கிவைக்கிறது. ஓடும்போது சி நிரல் 15 என்ற நீளத்தில் தேடுகிறது. எப்படிக் கிடைக்கும்? நீளத்தின்படி பிரிக்கும் அந்த ஃபங்ஷனில் சொல்லை யூடிஎஃப்-8 ஆக்கிய பிறகு அளக்கச் செய்யுங்கள். மிக நீளமான குறிச்சொல்லின் நீளத்தைக் கணக்கிடும் இடத்திலும் அதையே செய்யுங்கள்.

'கொ', 'கோ' போன்ற எழுத்துள்ள சொல்லைக் குறிச்சொல்லாக்காதீர்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் அடிக்கலாம். மாறிப் பெயர்களை பைதான் ஒன்றாக்கிக்கொள்ளும். குறிச்சொற்களை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும்.

நிறுவும்போது 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' கொடுங்கள். 'மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் 'பைதான்3' என்ற பெயரே உங்கள் சோதனைப் பதிப்பைச் சுட்டத் தொடங்கிவிடும்.