கடைசி பேட்ச்

நேயர்களுக்கு வணக்கம். நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியர். அதற்கு முன் ஜெர்மனியில், ஆஹன் நகரில் முதுநிலை படித்தேன். வெளியூரிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு உள்ளூர்ப் பிள்ளை எப்படி நண்பனாகிறான் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் முதலிடம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஆனால் ஆங்கிலவழி வகுப்பில் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்போம். ஜெர்மன் மாணவர்களில் அதிகம் பேர் தங்கள் மொழியிலேயே படிப்பார்கள். அப்புறம் எங்கே பழகுவது?

எனக்கு முதல் ஜெர்மன் நண்பன் கிடைத்தது விடுதிச் சமையலறையில். சுத்தம் செய்யும் முறைப்பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கும், 'புட்ஸ்பிளான்' என்பார்கள். ஒரு வாரம் எனக்கும் பக்கத்து அறைக்காரனுக்கும் முறை வந்தது. காகிதம் ஒரு தொட்டி, காய்கறித் தோல் ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைக்கு மஞ்சள் பை என்று அவன்தான் பிரித்துக் காட்டினான். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு பை நிறையப் பாட்டில்களோடு நடப்போம். என் ஜெர்மன் மொழி பாதி அந்த நடையில் வந்ததுதான்.

ஏன் வியாழக்கிழமை என்றால், வெள்ளிக்கிழமை அவன் ஊருக்கு ரயில் ஏறிவிடுவான். பள்ளிக்கூடத்து நண்பர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். நம்மோடு சேர மாட்டேன் என்கிறானே என்று முதல் சில மாதம் எனக்கு மனக்கஷ்டம். நமக்குத்தான் புது நண்பர்கள் தேவைப்பட்டது, அவனுக்கு அந்தத் தேவையே இல்லை. இது புரிந்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

1977-இல் ஸ்டீபன் போக்னர் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களின் நட்பை ஆராய்ந்தார்கள். மனம்விட்டுப் பேச சொந்த நாட்டுக்காரர், படிப்பு உதவிக்கு உள்ளூர்க்காரர், பொழுதுபோக்கத்தான் மற்ற நாட்டவர் என்று வகைப்படுத்தினார்கள். காரியத்துக்காகப் பழகுவதை மட்டமாக நினைக்காதீர்கள். எங்கள் பழக்கம் காரியத்தில்தான் ஆரம்பித்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். கோவைக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் எத்தனையோ பேர் படிக்கிறார்கள். என் வகுப்பில் சூடானிலிருந்து ஒரு பையன். 2023 ஏப்ரலில் அங்கே போர் வெடித்ததிலிருந்து விடுமுறைக்குக்கூட ஊருக்குப் போக முடியவில்லை. கேன்டீனில் தனியாகத்தான் சாப்பிடுவான்.

ஆய்வக பேட்ச் பிரிக்கும்போதுதான் கவனித்தேன். தாமதமாகச் சேர்வதால் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்கள் வருகைப்பதிவேட்டின் கடைசியில் இருக்கின்றன. வரிசை எண்படி பிரித்தால் எல்லாரும் ஒரே பேட்சில் ஒதுங்கிவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் மூன்று வருடமாக நானும் அப்படியே பிரித்திருக்கிறேன் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தப் பருவத்தில் மாற்றிப் போட்டேன். அந்த சூடான் பையனோடு இப்போது பொள்ளாச்சிப் பையனும் திருப்பூர்ப் பெண்ணும். முதல் இரண்டு வாரம் ரீடிங் எடுப்பதற்கு மேல் பேச்சில்லை. மூன்றாவது வாரம் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை. மணி அடித்த பிறகும் மூன்று தலைகளும் ஒரே மேசைமேல் குனிந்திருந்தன. நான் விளக்கை அணைக்காமல் வெளியே வந்துவிட்டேன்.