குடியேறிகளின் கடிதம்: வெளிப்பக்கத்தையும் படியுங்கள்

[திரையில்: பழுப்பேறிய ஒற்றைத் தாள், விரித்த நிலையில்]

வணக்கம். 1830களில் சிட்னியில் குடியேறிய ஒருவர் இங்கிலாந்தில் இருந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதினால், அது இப்படித்தான் இருக்கும். உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, வெளியே தெரியும் பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டிவிடுவார்கள். எல்லாம் காசுக்காகத்தான். 1840க்கு முன் பிரிட்டனில் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். கட்டணம் இரட்டிப்பாகிவிடும்.

[திரையில்: எழுத்துகள் மிக நெருக்கத்தில்]

சொல்ல வேண்டியதோ நிறைய. அதனால் பக்கம் நிரம்பியதும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். முதல் பார்வைக்கு மீன்வலை மாதிரி இருக்கும். அவசரப்படாமல் ஒரு திசை வரிகளை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டே போங்கள், படிக்க வந்துவிடும். ஓரத்தில் ஓர் ஓட்டை தெரிகிறதா? பிரித்தபோது அரக்கோடு கிழிந்துபோன இடம். இரண்டு மூன்று சொற்களும் கூடவே போயிருக்கும்.

சரி, தாளைத் திருப்புவோம்.

[திரையில்: முகவரிப் பக்கம்]

முகவரியின் மேல் கிறுக்கியது போல ஓர் எண் இருக்கிறது. அதுதான் கட்டணம். பெரும்பாலும் கறுப்பு மை என்றால் வாங்குகிறவர் தர வேண்டும். சிவப்பு மை என்றால் அனுப்பியவரே கட்டிவிட்டார். தனியார் கப்பலில் வந்த கடிதத்துக்கு 1815 முதல் 8 பென்ஸ், அதற்கு மேல் துறைமுகத்திலிருந்து வீடு வரைக்குமான உள்நாட்டுக் கட்டணம். கொண்டுவந்து ஒப்படைத்த கேப்டனுக்குக் கடிதத்துக்கு 2 பென்ஸ்.

பக்கத்தில் 'டீல் ஷிப் லெட்டர்' என்று முத்திரை இருந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. டீல், கென்ட் கடற்கரையில் உள்ள ஊர். கப்பல் லண்டனை அடையும் முன்பே அங்கே படகுக்காரர்கள் தபால் பையைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அப்புறம் லண்டன் தேதி முத்திரை. உள்ளே எழுதியிருக்கும் தேதிக்கும் அதற்கும் இடையே நான்கைந்து மாதம் இருப்பது சாதாரணம். அந்த நாட்களின் செய்தித்தாளில் கப்பல் வருகைப் பகுதியைப் பார்த்தால், எந்தக் கப்பலில் வந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியும்.

எதிர்த் திசையில், சிட்னிக்கு வந்த கடிதங்களின் கதை வேறு. 1809 வரை அங்கே தபால் அலுவலகமே இல்லை. கப்பல் வந்ததும் சிலர் ஏறிப்போய், அடுத்தவர் கடிதத்தைத் தன்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். அதைத் தடுக்கத்தான் ஐசக் நிக்கோல்ஸை நியமித்தார்கள். கைதியாக வந்து விடுதலையானவர் அவர். தன் வீட்டிலேயே தபாலை ஆள்வாரியாகப் பிரித்துவைத்து, கடிதத்துக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

[திரையில்: வெட்டி எடுத்த முகவரித் துண்டு]

முத்திரைக்காக முகப்பை மட்டும் வெட்டிவைத்துக்கொள்ளும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டு விற்பனைக்கு வந்தால் முடிந்தவரை மொத்தமாக வாங்குங்கள், பிரிக்காதீர்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியையும், அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிந்த அடையாளத்தையும், பாருங்கள். அதில் ஆண்டு இருந்து, அது கடிதத்தின் தேதிக்குப் பிந்தையது என்றால் கடிதம் போலியாக இருக்கலாம்.

[திரையில்: மேற்கு ஆஸ்திரேலியாவின் வரைபடம், தென்மேற்கு முனையில் அகஸ்டா]

ஜார்ஜியானா மொலோய் 1830இல் இந்த அகஸ்டாவில் குடியேறினார். லண்டனில் இருந்த கேப்டன் ஜேம்ஸ் மாங்கில்ஸ் கேட்டதற்காகக் காட்டு விதைகளைச் சேகரித்து அனுப்பியவர். தன் சின்ன மகன் கிணற்றில் விழுந்து இறந்ததை 1838இல் அவருக்கு எழுதினார். மாங்கில்ஸ் அந்தக் கடிதங்களைப் பேரேட்டில் படியெடுத்து வைத்ததால் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் படியெடுத்தது உட்பக்கத்தைத்தான். அந்தத் துயரம் எந்தத் துறைமுகத்தில் கரையேறியது, அதை வாங்க மாங்கில்ஸ் எத்தனை பென்ஸ் கொடுத்தார் என்பதெல்லாம் வெளிப்பக்கத்தில் இருந்தவை.