சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவி. அது அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்புறம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அவர் சட்டசபையில் இருந்த காலத்தைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கும் குறைவான காலம்தான். ஆனால் சட்டம் இயற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தக் காலத்தைத்தான் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்து, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றார்.

சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921-இலேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. சபைக்குள் உறுப்பினராக உட்காரும் உரிமை மட்டும் 1926 வரை வரவில்லை. அது வந்ததும் இந்திய மாதர் சங்கம் இவர் பெயரைச் சொன்னது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு அரசியலுக்குப் போவதா என்று முதலில் தயங்கினார். பிறகு நியமன உறுப்பினராகச் சபைக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் கால் வைத்த முதல் பெண் அவர்தான். சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துவது, விபசார விடுதிகளை ஒழிப்பது என்று பலவற்றுக்காகவும் சபையில் பேசினார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது கடவுளுக்கு மனைவியாகத் தாலி கட்டி, தேவதாசிகளாக்கிவிடும் வழக்கத்துக்கு எதிரான போராட்டத்தில்தான். 1927-இல் அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

எதிர்ப்பு சனாதனிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. தேவதாசி மரபிலேயே வந்த பெண்களும் சங்கமாகத் திரண்டு எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் எதிர்த்தார். இசையையும் நடனத்தையும் பேணி வந்த எங்களை ஒட்டுமொத்தமாக விலைமகளிராகச் சித்திரிக்கலாமா என்பது அவர்களுடைய வருத்தம். அதில் நியாயம் உண்டு. முத்துலட்சுமி அதற்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம். ஆனாலும், விவரம் தெரியாத வயதில் ஒரு குழந்தையின் வாழ்க்கையை மற்றவர்கள் முடிவு செய்துவிடுவதை எந்தக் கலையின் பெயராலும் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, எதிர்ப்பை அவர் எப்படிக் கையாண்டார்? இங்கேதான் அவருடைய திறமை தெரிகிறது. இந்தப் பெண்கள் பலருக்குக் கோயில் மானியமாக நிலம் இருந்தது. ஊழியம் செய்தால் நிலம் உண்டு; விட்டால் நிலமும் போய்விடும். வீட்டில் ஒரு பெண்ணுக்காவது பொட்டுக்கட்டாவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சோறு இல்லை. பாட்டியும் தாயுமே பெண்ணைக் கோயிலுக்கு அனுப்பியதற்கு பக்தியோடு சேர்த்து இந்த நிலமும் ஒரு காரணம். இதைத் தொடாமல் வழக்கத்தை மட்டும் தடை செய்திருந்தால் அந்தக் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும்.

ஆகவே அவர் முதலில் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் அது சட்டமானது. ஊழியத்தையும் நிலத்தையும் அது பிரித்தது. கோயில் பணியிலிருந்து விலகினாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே சொந்தம்; அதற்காக ஒரு தொகையைக் கட்டினால் போதும். மேடையில் பேசிக் கைத்தட்டல் வாங்கக்கூடிய விஷயமா இது? இனாம் கணக்கு, மானியக் கணக்கு என்று சலிப்பூட்டும் சமாசாரம். ஆனால் நோயின் வேர் எங்கே என்று ஒரு மருத்துவர் தேடியிருக்கிறார்.

அடுத்து, பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் கொண்டுவந்தார். அது நிறைவேறும் முன்பே, காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை உதறிவிட்டார். மசோதா கிடப்பில் போனது. அவர் அதைக் கைவிடவில்லை. அதே ஆண்டு, ஒதுங்க இடமில்லாமல் வந்து நின்ற இளம்பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். வெளியிலிருந்தபடியே சட்டத்துக்காக எழுதினார், பேசினார், நெருக்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசி மரபுக்குள்ளிருந்தே ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார்.

கடைசியில் 1947-இல் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவது குற்றம் என்றதோடு, ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் முறைப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்பதையும் அது தெளிவாகச் சொன்னது. அப்போது முத்துலட்சுமி சபையில் இல்லை. அவர் பதவி விலகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

புற்றுநோய் மருத்துவமனையும் இதே கதைதான். தங்கை புற்றுநோயால் இறந்தது 1923-இல். மருத்துவமனை வேண்டும் என்று 1935-இல் மேடையில் அறிவித்தார். பன்னிரண்டு படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது 1954-இல். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு.

பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.