கூடை கூடையாக வந்த கடிதங்கள்: எலிசபெத் செல்பெர்ட்டின் கதை

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். நீண்ட மேசை, சுற்றிலும் கோட்டு போட்ட ஆண்கள்.]

ஆண்களும் பெண்களும் சம உரிமை உடையவர்கள். எண்ணிப் பாருங்கள், ஐந்து சொல். ஜெர்மன் மொழியிலும் ஐந்துதான். ஜெர்மன் அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவில் இன்று இருக்கும் இந்த வாக்கியம், 1948 டிசம்பர் 3 அன்று சாசனம் எழுதிய மன்றத்தின் குழுவில் ஓட்டுக்கு வந்தபோது தோற்றுப்போனது. 1949 ஜனவரி 18 அன்று அதே குழு அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஏழு வாரம்கூட ஆகவில்லை. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்த வீடியோ.

வாக்கியத்தை எழுதியவர் எலிசபெத் செல்பெர்ட். 1896 செப்டம்பரில் காசல் நகரத்தில் பிறந்தவர். அப்பா சிறைக் காவலர், வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள், மேல்படிப்புக்குக் காசில்லை. முதல் உலகப் போர் நேரத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் பழகிய ஆடம் செல்பெர்ட் ஓர் அச்சுத் தொழிலாளி, சோஷலிஸ்ட். 1918இல் எலிசபெத்தும் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1920இல் இருவருக்கும் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு மகன்கள். பலருடைய கதை இங்கேயே முடிந்திருக்கும். இவர் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டே வீட்டில் படித்து, 1925இல் தனித்தேர்வராகப் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். கணவர்தான் பின்னால் நின்று தள்ளினார். அப்புறம் சட்டப் படிப்பு. கோட்டிங்கன் பல்கலையில் சுமார் 300 மாணவர்களுக்கு நடுவே ஐந்தே பெண்கள்.

1930இல் முனைவர் பட்டம். ஆய்வின் தலைப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்: விவாகரத்துக்கு 'யார் மீது குற்றம்' என்று தேடக் கூடாது, உறவு சிதைந்துவிட்டது என்பதே போதுமான காரணம்.

[திரையில்: 1933]

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஆடமுக்கு வேலை போனது, சிறைவாசமும் வந்தது. இனி குடும்பம் எலிசபெத் கையில். பெண்களை வக்கீல் தொழிலில் சேர்க்கவே கூடாது என்ற தடை வரப்போகிற நேரம். 1934 கடைசியில், நீதிமன்றத் தலைவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, மூத்த நீதிபதிகள் இருவர் அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அவர் எடுத்து நடத்திய அலுவலகமோ, தொழிலைவிட்டுத் துரத்தப்பட்ட இரண்டு யூத வக்கீல்களுடையது. அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கடக்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, 1948க்கு வருவோம். மேற்கு ஜெர்மனிக்குப் புது சாசனம் எழுத பான் நகரில் ஒரு மன்றம் கூடியது. திறப்பு விழா நடந்த இடம் ஒரு விலங்கியல் அருங்காட்சியகம். போரில் தப்பிய பெரிய மண்டபம் அதுதான். பஞ்சடைத்த விலங்குகளைத் திரைபோட்டு மறைத்துவிட்டு விழா நடத்தினார்கள். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 65 பேர், அதில் பெண்கள் நான்கு. செல்பெர்ட் ஏற்கெனவே ஹெஸ்ஸன் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். ஆனால் அவரை பானுக்கு அனுப்பியது சொந்த மாநிலம் இல்லை. பக்கத்து லோயர் சாக்ஸனிதான் அனுப்பியது.

முதல் வரைவில் இருந்தது, ஜெர்மனியின் முந்தைய சாசனமான 1919 வைமர் சாசனத்தின் பழைய வரி: 'குடிமக்கள் என்ற முறையில்', 'அடிப்படையில்' ஆணும் பெண்ணும் சமம். ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் வேலையிடத்திலும் அந்தச் சமத்துவம் நுழையாது. 1896 ஆகஸ்டில் வெளியான சிவில் சட்டம் அங்கே காவலுக்கு நின்றது. செல்பெர்ட்டைவிட ஒரு மாதம்தான் மூத்தது! அதன்படி இல்லற விஷயங்களில் முடிவு கணவனுடையது. எங்கே குடியிருப்பது என்பது உட்பட. மனைவி ஒரு வேலையில் சேர்ந்தால், நீதிமன்ற அனுமதி வாங்கி அந்த வேலையைக் கணவனே ரத்து செய்யலாம்.

செல்பெர்ட்டின் ஐந்து சொல்லைப் படித்த தாமஸ் டேலர் என்ற லிபரல் உறுப்பினர், அப்படியானால் சிவில் சட்டமே சாசனத்துக்கு விரோதமாகிவிடுமே என்றார். மனிதர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். செல்பெர்ட்டுக்கு வேண்டியதும் அதுதான்.

டிசம்பரில் தோற்றதும் அவர் ஊர் ஊராகப் பேசக் கிளம்பினார். குழுவிலேயே கணக்கையும் சொல்லிவிட்டார்: இன்று 100 ஆண் வாக்காளர்களுக்கு 170 பெண் வாக்காளர்கள், நீங்கள் எழுதும் சாசனத்தை ஏற்கப்போவது யார் என்று யோசியுங்கள். போரில் ஆண்கள் செத்தும் சிறைப்பட்டும் போயிருந்த நாடு அது. இடிபாட்டுச் செங்கல்லைச் சுமந்தவர்களும் பட்டறையில் நின்றவர்களும் பெண்கள். மகளிர் சங்கங்கள், மாநிலச் சட்டமன்றப் பெண் உறுப்பினர்கள், உலோகத் தொழிற்சங்கப் பெண்கள் என்று பானுக்குக் கடிதம் எழுதினார்கள். துணி துவைக்கும் கூடை கூடையாகக் குவிந்தன என்பது செல்பெர்ட்டின் சொந்த வார்த்தை. ஜனவரியில் எல்லாரும் கை தூக்கினார்கள். "அதிகாரத்தின் ஒரு நுனி என் கையில் இருந்தது" என்று பிற்காலத்தில் அந்த நாளைப் பற்றிச் சொன்னார்.

[திரையில்: 1953 மார்ச் 31]

பழைய சட்டங்களைத் திருத்த இந்தத் தேதிவரை கெடு. நாடாளுமன்றம் கெடுவைக் கோட்டைவிட்டது. சம உரிமைச் சட்டம் 1958 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. அதே வருடம் செல்பெர்ட் சட்டமன்றத்தைவிட்டு வெளியேறினார். நாடாளுமன்ற இடமும் அரசியல் சாசன நீதிமன்றப் பதவியும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. காசலில் குடும்ப வழக்குகளை நடத்திக்கொண்டிருந்தார். 1977இல், அவர் ஆய்வேட்டில் எழுதியது 47 வருடம் கழித்து விவாகரத்துச் சட்டம் ஆனது.

சம்பள விஷயம் இன்னும் மெதுவாக நகர்ந்தது. ஒரே வேலைக்குப் பெண் என்பதற்காகக் கூலியில் பிடிக்கும் வழக்கத்தை 1955இல் மத்திய தொழிலாளர் நீதிமன்றம் செல்லாது என்றது. உடனே ஒப்பந்தங்களில் 'இலகு வேலை' என்றொரு கூலிப் பிரிவு முளைத்தது. அதில் யாரைப் போட்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலாளிகளோடு சேர்ந்து தொழிற்சங்கத் தலைவர்களும் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் வேதனை. 1973 ஆகஸ்டில் நாய்ஸ் நகரத்து பியர்புர்க் கார்புரேட்டர் ஆலையில், யூகோஸ்லாவியா, துருக்கி, கிரீஸ் என்று பல நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல் வேலையை நிறுத்தினார்கள். அந்த ஆலையில் 'இலகு வேலை' பிரிவு ஒழிந்தது.

அடுத்து கெல்சன்கிர்ஷென் நகரில் ஒரு போட்டோ கழுவும் நிறுவனம். ஆண்களுக்குக் கூடுதல் படி, பெண்களுக்கு அது குறைவு. 29 பெண்கள் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு வழக்குப் போட்டார்கள். 1981 செப்டம்பர் 9 அன்று மத்திய தொழிலாளர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றம் அப்போது இருந்த ஊர் காசல். அதே ஊரில், 85ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்த எலிசபெத் செல்பெர்ட்டும் இருந்தார்.